இழைப்புளிக்குத் தப்பிய தரை

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். மேலுக்குச் சட்டை இல்லை. சாமான் எதுவும் இல்லாத ஓர் அறையின் மரத்தரையில் மண்டியிட்டு, கைகளை முன்னே நீட்டித் தரையை இழைத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னாலுள்ள பால்கனிக் கதவு வழியாக வரும் வெளிச்சம் அவர்கள் முதுகிலும் தரையிலும் படிகிறது. இழைத்த பகுதி வெளிறியும், இழைக்காத பகுதி கருத்துப் பளபளத்தும் பட்டை பட்டையாகத் தெரிகிறது. சுற்றிலும் சுருள் சுருளாக மரச்சீவல். வலது ஓரத்தில் ஒரு ஒயின் பாட்டிலும் கிளாஸும்.

குஸ்தாவ் கைபோத் 1875இல் வரைந்த ஓவியம் இது. அந்த ஆண்டு பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோன் இதை ஏற்கவில்லை. வியர்வை வழியும் கூலியாட்களை இப்படி அப்பட்டமாக வரைவது அன்றைய ரசனைக்குக் கொச்சையாகப் பட்டது. மறு ஆண்டு இம்ப்ரெஷனிஸ்டுகள் நடத்திய இரண்டாவது கண்காட்சியில்தான் படத்துக்கு இடம் கிடைத்தது.

அந்த மூவரும் இழைத்துக்கொண்டிருப்பது பார்க்கெட் தரை. இன்று மரத்தரை வேண்டும் என்று கடைக்குப் போகிறவரிடம் பார்க்கெட்டா, லேமினேட்டா என்று கேட்கிறார்கள். நின்றபடி பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றை இழைக்கலாம், மற்றொன்றை இழைக்க முடியாது. இந்த வித்தியாசம் உருவாக முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

'பார்க்கே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு முதலில் அடைப்புக்குள் இருக்கும் சிறு இடம் என்றே பொருள். பிரான்சில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இன்றும் அதே பெயர்தான். துண்டு மரங்களைச் சதுரச் சட்டத்துக்குள் அடைத்துச் செய்த தரைக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

இந்தத் தரைக்கு அரச மரியாதை கிடைத்ததற்குக் காரணம் தண்ணீர். பதினான்காம் லூயி கட்டிய வெர்சாய் அரண்மனையில் பளிங்குத் தரைகள் இருந்தன. பளிங்கென்றால் அடிக்கடி கழுவ வேண்டும். கழுவும் தண்ணீர் இடுக்குகளில் இறங்கி, அடியில் தாங்கி நின்ற மர உத்தரங்களை உளுக்க வைத்தது. 1684இல் பளிங்கைப் பெயர்த்துவிட்டு ஓக் மரத் தரையைப் போட்டார்கள். சதுரச் சட்டம், அதற்குள் மூலைவாட்டில் பின்னிய பலகைகள், துளையும் நாக்கும் வைத்த தச்சு இணைப்பு. அந்த வடிவத்துக்கு இன்றும் 'வெர்சாய் பார்க்கெட்' என்றே பெயர். சிறு துண்டுகளாகப் பிரித்துப் பூட்டியதால், மரம் பருவத்துக்கு ஏற்ப உப்பினாலும் சுருங்கினாலும் அகலப் பலகையைப்போல ஒரே இடத்தில் வாய் பிளக்கவில்லை.

தண்ணீரிடம் தப்பினார்கள். ஆனால் ஆள் வேலையிடம் மாட்டிக்கொண்டார்கள்.

பார்க்கெட்டைக் கழுவக் கூடாது. தேன்மெழுகு தடவித் தேய்க்க வேண்டும். இதற்கென்றே 'ஃப்ரொத்தர்' என்றொரு தொழிலாளி வர்க்கம் பாரிஸில் உருவானது. காலில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழுக்கி வழுக்கித் தேய்ப்பது அவர்கள் வேலை. பார்க்கிறவருக்கு நடனம் போலிருக்கும். மாலையில் வலிப்பது அவர்கள் தொடைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஓஸ்மான் என்ற அரசு நிர்வாகி பாரிஸை இடித்துக் கட்டியபோது, நடுத்தர வர்க்கத்தின் மாடி வீடுகளிலும் ஓக் பார்க்கெட் ஏறியது. பலகைகளை மீன்முள் போலச் சாய்த்து அடுக்குவது அந்த வீடுகளின் அடையாளமாயிற்று. அதில் இரண்டு வகை உண்டு. பலகை முனையைச் செங்கோணத்தில் வெட்டி ஒன்றோடொன்று முட்ட வைப்பது ஒன்று. முனையைச் சாய்வாக வெட்டி நடுவில் நேர்கோடு விழச் செய்வது மற்றொன்று. அதை 'ஹங்கேரி முனை' என்பார்கள். அந்தத் தரைகள் பல, தேய்ந்தபோதெல்லாம் மேலாக இழைக்கப்பட்டு, இன்றும் காலடியில் இருக்கின்றன.

மரத்தின் குணம் தெரிந்தவர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்குவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுவீடனின் நீப்ரோ என்ற ஊரில் மரப்பட்டறை நடத்திய குஸ்தாஃப் கேர், அந்தக் குணத்தை அதன்மேலேயே திருப்பிவிட்டார். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஒட்டினால், ஒன்று உப்பப் பார்க்கும்போது மற்றது பிடித்து நிறுத்தும். 1941இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று 'இன்ஜினியர்டு' என்ற பெயரில் விற்கும் அடுக்குப் பார்க்கெட்டுக்கு மூலம் அதுதான். மேல் அடுக்கில் மட்டும் நல்ல மரம், அடியில் மலிவு மரம்.

போர்க்கால மரத்தட்டுப்பாடு அமெரிக்காவில் வேறொரு பார்க்கெட்டை உண்டாக்கியது. 1946இல் பாஸ்டன் நகரத்துக் கூடைப்பந்து அரங்குக்கு நீளப் பலகை கிடைக்கவில்லை. கிடைத்தது சிவப்பு ஓக்கின் கழிவுத் துண்டுகள். அவற்றை ஐந்தடிச் சதுரங்களாகக் கோத்து, 247 சதுரங்களைத் திசை மாற்றி மாற்றிப் பரப்பினார்கள். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 1957 முதல் 1986 வரை 16 முறை சாம்பியனானது இந்தத் தரையைச் சொந்தத் தரையாகக் கொண்டுதான். கழிவு மரத்தில் பிறந்த தரையை 1999இல்தான் கழற்றினார்கள்.

இனி லேமினேட். இதன் பூர்வீகம் தரை அல்ல, மின்சாரம். 1910களில் அமெரிக்காவில் டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரு பொறியாளர்கள், மின் காப்புக்குப் பயன்பட்ட மைக்காவுக்கு மாற்றாகப் பிசினில் தோய்த்து அழுத்திய ஒரு தகட்டைச் செய்தார்கள். மைக்காவுக்குப் பதில் என்பதால் அதன் பெயர் ஃபார்மைக்கா. பின்னாளில் அது சமையலறை மேசைக்கு வந்தது. நம்மூர்த் தச்சர் அலமாரிக் கதவில் "மைக்கா ஒட்டணும்" என்று சொல்லும்போது அந்தப் பழைய கனிமத்தின் பெயரைத்தான், தெரியாமலே, சொல்கிறார்.

அந்த மைக்காத் தகட்டைக் காலடிக்கு இறக்கியவர்களும் சுவீடன்காரர்களே. பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1881இல் பீச் மரத்திலிருந்து அசெட்டிக் அமிலம் எடுப்பதற்காகத் தொடங்கப்பட்டது. பிறகு பிளாஸ்டிக், அதன்பின் மேசைத் தகடு என்று நகர்ந்து, 1977இல் லேமினேட் தரையைக் கண்டுபிடித்தது. 'பெர்கோ' என்ற பெயரில் அது 1984இல் ஐரோப்பியச் சந்தைக்கும், 1994இல் அமெரிக்காவுக்கும் போனது.

ஒரு லேமினேட் பலகையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். அடியில் ஒரு சமன்காகிதம். நடுவே மரநாரைப் பிசினோடு அழுத்திய கெட்டிப் பலகை. அதன்மேல் ஓக்கோ தேக்கோ அச்சடித்த காகிதம். கண் பார்ப்பது இந்தப் படத்தைத்தான். அச்சு திரும்பத் திரும்ப வருவதால், கூர்ந்து பார்த்தால் ஜன்னலோரத்து மரக்கணு கதவோரத்திலும் அதே வளைவோடு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல ஒரு மெலமின் படலம். அது கீறாமலிருக்க அலுமினியம் ஆக்சைடு துகள் கலக்கிறார்கள்.

தச்சர் கையிலிருக்கும் உப்புத்தாளிலும் பெரும்பாலும் இதே துகள்தான். பார்க்கெட்டைத் தேய்த்துப் புதுப்பிக்கும் பொருளையே லேமினேட் கவசமாகப் போட்டுக்கொண்டது. அதன் உழைப்பை அளப்பதும் அப்படித்தான். உப்புத்தாள் ஒட்டிய சக்கரங்களை மேலே உரசவிட்டு, எத்தனையாவது சுற்றில் படம் தேய்கிறது என்று எண்ணுவார்கள். பெட்டியின்மேல் 'ஏசி3', 'ஏசி4' என்று போட்டிருக்கும் எண் அந்தச் சோதனையின் மதிப்பெண். ஆனால் கவசம் தேய்ந்தபின் இழைக்க அடியில் மரம் இல்லை. பலகையையே மாற்ற வேண்டும்.

தொடக்கத்தில் லேமினேட்டையும் பசை போட்டுத்தான் சேர்த்தார்கள். 1990களின் பிற்பாதியில் சுவீடனின் வேலிங்கே, பெல்ஜியத்தின் யூனிலின் என்ற இரு நிறுவனங்கள் பூட்டு விளிம்பைக் கொண்டுவந்தன. பலகையைச் சாய்த்துச் செருகி, கீழே அமுக்கினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். ஆணி, பசை எதுவும் தேவையில்லை. வீட்டுக்காரரே ஒரு சனி ஞாயிறில் ஓர் அறையை முடித்துவிடலாம். கைபோத்தின் மூவருக்கு இங்கே வேலையே இல்லை.

மலிவுக்கு ஒரு விலையும் இருந்தது. 2015 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, சீனாவில் செய்து அமெரிக்காவில் விற்ற சில லேமினேட் தரைகளில் ஃபார்மால்டிஹைடு வாயு கலிஃபோர்னியாவின் வரம்பைத் தாண்டியிருந்ததாகச் சொன்னது. நடுப்பலகையின் பிசினிலிருந்து வருவது அது. அதன்பிறகு வாங்குகிறவர்கள் விலைச்சீட்டோடு உமிழ்வுச் சான்றையும் கேட்கத் தொடங்கினார்கள்.

சென்னை அடுக்ககங்களின் விளம்பரத் தாள்களில் 'படுக்கையறைக்கு உட்டன் ஃப்ளோரிங்' என்ற வரி இன்று சகஜம். எந்த உட்டன் என்று கேட்டுக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டுக்கு இரண்டுமே ஆகாது. ஈரம் தங்கினால் லேமினேட்டின் விளிம்பு உப்பும், உப்பியது திரும்பப் படியாது. பிழிந்த துணியால் துடைப்பவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டில் அறையின் தோற்றத்தை மாற்ற நினைப்பவர்கள் லேமினேட் போடலாம். அந்தப் பணத்துக்கு அது குறைவில்லாத பண்டம். பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கட்டும் என்பவர்களுக்குப் பார்க்கெட். அடுக்குப் பார்க்கெட் வாங்கினால், மேல் அடுக்கு மரம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். ஒருமுறை இழைத்தால் அரை முதல் ஒரு மில்லிமீட்டர்வரை போகும். ஒரு மில்லிமீட்டர் மட்டுமே இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால், பார்க்கெட்டின் விலை கொடுத்து லேமினேட்டின் ஆயுளை வாங்குகிறீர்கள்.