பால் பல் சொன்ன சாட்சி

அமெரிக்காவில் விழுந்த பால் பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் குழந்தை தூங்கும். ராத்திரி ஒரு தேவதை வந்து, பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் என்பது அங்கே நம்பிக்கை. 1970-களில் அந்தத் தேவதைக்குப் போட்டியாக ஒரு டாக்டர் கிளம்பினார்! பெயர் ஹெர்பர்ட் நீடில்மேன்.

அவர் தேடியது காரீயத்தை. (பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், அது வேறு.) சுவர் பெயின்ட்டிலும் பெட்ரோல் புகையிலும் அப்போது காரீயம் தாராளம். வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தையைத் தவிர மற்றவர்களுக்கு ஆபத்தில்லை என்பது கம்பெனிகளின் வாதம். பழைய பாதிப்பு ரத்தப் பரிசோதனையில் சிக்காது. சில வாரங்களிலேயே ரத்தத்தில் காரீயம் குறைந்துவிடும். எங்கே போகும்? கால்சியம் என்று ஏமாந்து, உடம்பு அதை எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். எலும்பை வெட்டிப் பார்க்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? பல்தான் ஆறு, ஏழு வயதில் தானாகவே விழுகிறதே!

பாஸ்டனை அடுத்த செல்ஸி, சாமர்வில் ஊர்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 2,300 பேருக்கு மேல் பல் கொடுத்தார்கள். பல்லில் காரீயம் மிகுந்த 58 பேரையும், குறைந்த 100 பேரையும் ஒப்பிட்டார் நீடில்மேன். யாருக்கும் நோய் என்று எதுவும் கிடையாது. ஆனால், காரீயம் மிகுந்தவர்களுக்கு ஐ.க்யூ. சராசரியாக நான்கு புள்ளிக்கு மேல் குறைவு! யார் பல்லில் எவ்வளவு என்று தெரியாமலேயே, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கவனம் நிற்பதில்லை என்று டீச்சர்களும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1979-ல் முடிவு வெளியானது.

நாலு புள்ளிதானே என்கிறீர்களா? ஒரு பையனுக்கு அது பெரிதில்லை. ஒரு நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நாலு நாலாகக் குறைந்தால்?

கம்பெனிகள் தரப்பில் ஒரு வழக்கில் நிபுணர்களாக இருந்த இரண்டு உளவியலாளர்கள், 1991-ல் நீடில்மேன் மீதே புகார் கொடுத்தார்கள். ஆராய்ச்சியில் தில்லுமுல்லாம்! கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்க வேண்டாம், ஊரறிய விசாரியுங்கள் என்று மனிதர் அடம்பிடித்தார். 1992-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பகிரங்க விசாரணை. செய்முறையில் சில குறைகள் சொன்னார்கள். முறைகேடு இல்லை என்று தீர்ப்பு.

சாலை வாகனங்களுக்குக் காரீயப் பெட்ரோல் விற்பதை அமெரிக்கா 1996-ல் அடியோடு நிறுத்தியது. இந்தியா 2000-ல். கடைசியாக அல்ஜீரியா, 2021-ல். நீடில்மேன் அதைப் பார்க்கவில்லை. 2017-லேயே காலமாகிவிட்டார்.