ஓடுகளத்தில் பால்சோதனை: ‘நியாயம்’ என்கிற சொல் வந்த வழி

திருநங்கைகள் பெண்கள் பிரிவில் ஓடலாமா, நீந்தலாமா, பளு தூக்கலாமா என்று உலகம் பூராவும் சச்சரவு. 2025 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் சிறுமிகளைச் சுற்றி நிற்கவைத்துக்கொண்டு தடை ஆணையில் கையெழுத்துப் போட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் செனட் குழுவின் முன் சொல்லியிருந்தார்: மொத்தம் 510,000 மாணவ விளையாட்டாளர்கள், அதில் தனக்குத் தெரிந்து திருநர் பத்துப் பேருக்கும் குறைவு. பத்துப் பேருக்கா இத்தனை பெரிய பேனா என்று கேட்டுவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். ஆனால் அது பதிலாகாது. நான்காவதாக வந்து பதக்கத்தைத் தவறவிட்டவளுக்கு, எதிரில் நின்றது ஒரே ஒருத்தர் என்றாலும் இழப்பு முழு இழப்புதான். நாம் கேட்க வேண்டியது வேறு. ‘நியாயம்’ என்கிற இந்தச் சொல் ஓடுகளத்துக்குள் எப்போது நுழைந்தது? யார் கையைப் பிடித்துக்கொண்டு? இன்னொரு கையில் என்ன கருவி வைத்திருந்தது?

1928 ஆம்ஸ்டர்டாமில்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாகத் தடகளம். அதில் 800 மீட்டரும் உண்டு. ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஜெயித்தார். இறுதியில் ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் பதினோரு பேர் ஓடினார்கள், அதில் ஐந்து பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள் என்று ஒரு அமெரிக்க நிருபர் எழுதினார். ஓடாத இரண்டு பேரையும் சேர்த்து விழவைத்தது அந்தப் பேனா. பெண்ணுடல் இதைத் தாங்காது என்று முடிவாயிற்று. 1960 ரோம் வரைக்கும், 32 ஆண்டுகள், பெண்களுக்கு 800 மீட்டரே கிடையாது. எல்லாம் பெண்களைப் ‘பாதுகாக்க’த்தான். இந்த 800 மீட்டரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம், பெண்கள் பிரிவு என்பது ஆண்கள் மனமிரங்கிக் கொடுத்த சீதனமும் அல்ல. பிரான்சின் ஆலிஸ் மிலியா 1921-இல் பெண்களுக்கென்று தனியாகச் சர்வதேசச் சங்கம் கட்டி, 1922-இல் பாரிசில் போட்டி நடத்திக் காட்டிய பிறகுதான் ஒலிம்பிக்கின் கதவு கொஞ்சம் திறந்தது. ஆகவே, பிரிவுகள் எல்லாமே புனைவு, கலைத்துப் போடு என்று நமது பின்நவீனத்துவ நண்பர்கள் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. புனைவுதான். ஆனால் போராடி வாங்கிய புனைவு.

மிலியாவின் சங்கம் 1934-இல் லண்டனில் நடத்திய போட்டியில் 800 மீட்டரை வென்றவர் செக்கோஸ்லோவாகியாவின் ஸ்டெனெக் கௌபெக். அடுத்த ஆண்டு, இனித் தான் ஆணாக வாழப்போவதாக அவர் அறிவித்தார். பத்திரிகைகளுக்குத் தீபாவளி. அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் ஏவரி பிரண்டேஜ் பெண்களை எல்லாம் டாக்டர் பார்க்க வேண்டும் என்றார். 1936 பெர்லினில் 100 மீட்டரில் போலந்தின் ஸ்டெல்லா வால்ஷை அமெரிக்காவின் ஹெலன் ஸ்டீபன்ஸ் தோற்கடித்தபோது, ஸ்டீபன்ஸ் ஆண் என்று வதந்தி கிளம்பியது. பார்த்தாயிற்று, பெண்தான் என்று பதில் வந்தது. 1980-இல் கிளீவ்லாந்தில் ஒரு வழிப்பறியில் வால்ஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரேதப் பரிசோதனையில், ஆண் பெண் என்று ஒரே பக்கத்தில் எழுத முடியாத உடல் அவருடையது என்று தெரிந்தது. சந்தேகம் தவறான ஆளின் மேல் விழுந்திருந்தது என்று சிலர் சிரித்தார்கள். அவர் ஏமாற்றினார் என்பதற்கு அந்த உடலில் என்ன சாட்சி இருந்தது? பிறந்ததிலிருந்து பெண்ணாக வாழ்ந்தவர்.

‘வேஷம் போட்ட ஆண்’ என்பதற்கு எல்லாரும் காட்டும் ஒரே உதாரணம் ஜெர்மனியின் ராட்யென். 1936-இல் உயரம் தாண்டுதலில் நான்காம் இடம். 1938-இல் ரயிலில் போலீஸ் பிடித்தது. நாஜிகள் திட்டமிட்டு இறக்கிய ஆண் என்று பல காலம் கதை ஓடியது. போலீஸ் ஆவணங்கள் சொல்வது வேறு. பிறந்தபோது மருத்துவச்சி குழம்பிப் பெண் என்றாள், பெற்றோர் பெண்ணாக வளர்த்தார்கள். அவ்வளவுதான். இந்த ஒரே உதாரணமும் வேஷமில்லை.

பனிப்போர் வந்ததும் சோதனை நிறுவனமாயிற்று. 1966 புடாபெஸ்டில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கு வந்த பெண்கள் மூன்று பெண் டாக்டர்கள் முன்னால் உடையில்லாமல் நடந்து காட்ட வேண்டியிருந்தது. இது அசிங்கம் என்று எதிர்ப்பு வந்ததும் அறிவியல் கைகொடுத்தது. கன்னத்தின் உட்பக்கம் லேசாகச் சுரண்டி, அந்தச் செல்லில் இரண்டாவது எக்ஸ் குரோமோசோமின் அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பது. 1968 முதல் ஒலிம்பிக்கில் இதுதான் முறை. தேறியவர்களுக்குப் பெண் என்று சான்றிதழ் உண்டு. 1976 மான்ட்ரியலில் குதிரைச் சவாரிக்கு வந்த இங்கிலாந்து இளவரசி ஆனுக்கு மட்டும் விதிவிலக்கு. ராஜ ரத்தத்துக்குக் குரோமோசோம் கேட்பார்களா!

அந்தச் சான்றிதழை ஒருத்தர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தார். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பாத்தீனியோ. 1983-இல் தேறியவர்தான். 1985-இல் கோபேயில் தாள் கையில் இல்லாததால் மறுபடி சுரண்டினார்கள். எக்ஸ் ஒய் என்று வந்தது. காலில் அடிபட்ட மாதிரி நடி, பேசாமல் விலகிக்கொள் என்றார்கள். அன்று அப்படியே செய்தார். 1986 தேசியப் போட்டியில் மறுபடி விலகச் சொன்னபோது மறுத்தார். ஓடினார், ஜெயித்தார். செய்தி கசிந்தது. உதவித்தொகை போயிற்று, தங்கும் இடம் போயிற்று, சாதனைகள் அழிக்கப்பட்டன, நிச்சயித்திருந்தவன் விலகினான். அவர் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சுரந்தது; ஆனால் அதை ஏற்கும் திறன் அவருடைய செல்களுக்குக் கிடையாது. அதாவது அந்த ஹார்மோனால் அவர் பெற்ற லாபம் சுழியம். பின்லாந்து மரபியலாளர் ஆல்பர்ட் தெ லா ஷபெல் போன்றவர்கள் துணைநின்றதில் 1988-இல் உரிமை திரும்பக் கிடைத்தது. தடகளச் சங்கம் 1992-இல் இந்தக் கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. ஒலிம்பிக் கமிட்டி 1999-இல். முப்பது வருஷச் சுரண்டலில் வேஷம் போட்ட ஆண் ஒருத்தனும் பிடிபடவில்லை.

திருநங்கை இந்தக் கதைக்குள் தன் பெயரோடு வந்தது டென்னிஸ் வழியாக. கண் மருத்துவரான ரெனே ரிச்சர்ட்ஸ் 1976-இல் அமெரிக்க ஓப்பனுக்கு வந்தபோது குரோமோசோம் சோதனை கேட்டார்கள். அதே ஆண்டு நியூஜெர்சியில் அவர் ஆடிய ஒரு போட்டியிலிருந்து 25 பெண்கள் விலகினார்கள். வழக்குப் போட்டார். 1977 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றம், இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து அவரை வெளியே நிறுத்துவது அநியாயம் என்றது. 43 வயதில் ஆடினார்; முதல் சுற்றிலேயே வர்ஜீனியா வேடிடம் தோற்றார். இரட்டையரில் இறுதிவரை போனார். பெண்கள் டென்னிஸ் அழிந்துபோகவில்லை. ஆனால் இந்தக் கதையின் பிற்பகுதியை நம் தரப்பில் யாரும் சொல்வதில்லை: தான் இருபத்திரண்டு வயதில் மாறி வந்திருந்தால் எந்தப் பெண்ணும் தன் கிட்டே வந்திருக்க முடியாது என்று பிற்காலத்தில் ரிச்சர்ட்ஸே சொன்னார். தன் வெற்றியின் மீதே சந்தேகத்தை வைத்த அந்த நேர்மையை மதிக்க வேண்டும்.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெண் யார் என்பது ஒண்ணு. எந்த உடற்சாதகம் போட்டியைக் கெடுக்கிறது என்பது இன்னொண்ணு. விளையாட்டு அதிகாரம் இரண்டாவதைக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு எப்போதும் முதலாவதற்குத்தான் பதில் எழுதுகிறது.

2003-இல் ஒலிம்பிக் கமிட்டி ஸ்டாக்ஹோமில் வகுத்த விதி: அறுவை, சட்ட அங்கீகாரம், இரண்டாண்டு ஹார்மோன் சிகிச்சை இருந்தால் திருநங்கை போட்டியிடலாம். 2015-இல் அறுவையை விட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழே பன்னிரண்டு மாதம் இருந்தால் போதும். கதவு 2004-இலேயே திறந்தது. ஆனால் வெளிப்படையாகத் திருநங்கை என்று அறியப்பட்டவர் ஒருத்தர் தனிநபர் போட்டியில் இறங்கியது 2021 டோக்கியோவில்தான். நியூசிலாந்தின் லாரல் ஹப்பார்ட், வயது 43. ஸ்நாட்ச் முறையில் மூன்று முயற்சியும் தோல்வி. பட்டியலில் இடமே இல்லை.

இந்த இடைவெளியில் அளவுகோல் சும்மா இருந்ததா? இல்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டு, மறுபடி 800 மீட்டர். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து, செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள், தலித் பெண் சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வாங்கினார். சோதனை செய்தார்கள், பதக்கத்தைப் பிடுங்கினார்கள். ஒரு பெண்ணின் உடலுக்குள் இருப்பதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். பணத்தை அவர் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கச் செலவழித்தார். 2012-இல் மறுபடி சூளையில் வேலை. சாந்தி திருநங்கை அல்ல. பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். ஆனால் டீக்கடையில் அந்த வித்தியாசம் யாருக்கு வேண்டும்? ‘அதுவா இதுவா’ என்கிற கேள்வி ஒன்றுதான். திருநங்கையை நோக்கி எறிகிற அந்தக் கல் முதலில் இவர் மேல் விழுந்தது.

2009 பெர்லினில் அதே 800 மீட்டரில் 18 வயது காஸ்டர் செமன்யா. 2014-இல் ஒடிசாவின் த்யுதி சந்த். த்யுதி வழக்காடினார், 2015-இல் விளையாட்டு நடுவர் மன்றம், ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள பத்துப் பன்னிரண்டு சதவீத இடைவெளிக்கு ஒப்பான சாதகம் இவர்களுக்கு இருக்கிறது என்று நிரூபி என்றது. தடகளச் சங்கம் 2018-இல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரைக்கும் மட்டும் புதிய விதி போட்டது. செமன்யா ஓடும் தூரங்கள். 2019-இல் மூன்றில் இரண்டு நடுவர்கள், இது பாகுபாடுதான், ஆனால் அவசியமான பாகுபாடு என்றார்கள். (2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்த வழக்கில் செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது.) இதற்கிடையில் 2013-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த செய்தி: வளரும் நாடுகளைச் சேர்ந்த நான்கு இளம் வீராங்கனைகள், 18 முதல் 21 வயது, பிரான்சில் அறுவை செய்யப்பட்டார்கள். ஹார்மோன் சுரக்கும் உறுப்பை எடுத்தது போக, கிளிட்டோரிசையும் பகுதி வெட்டினார்கள். ஓட்டத்துக்கும் கிளிட்டோரிசுக்கும் என்ன சம்பந்தம் என்று எந்த நடுவர் மன்றமும் கேட்கவில்லை.

சரி, அப்ப திருநங்கைக்குச் சாதகமே கிடையாது என்று சொல்லிவிடலாமா? தோழர்கள் பலர் அப்படித்தான் கூட்டங்களில் சொல்கிறார்கள். அது ஓடி ஒளிவது. ஆண் பருவமடைதல் கொடுத்த உயரத்தையும் எலும்பின் நீளத்தையும் மாத்திரை திருப்பி எடுக்காது. ஒரு வருடச் சிகிச்சையில் தசை சுமார் ஐந்து சதவீதம்தான் குறைகிறது என்று 2021-இல் வந்த ஒரு மீளாய்வு சொல்கிறது. அமெரிக்க விமானப்படையினரை வைத்து 2020-இல் வந்த ஆய்வில், இரண்டாண்டுக்குப் பின் தண்டால் எடுப்பதில் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஓட்டத்தில் 12 சதவீத வேகம் மிச்சமிருந்தது. இவர்கள் யாரும் உச்சநிலை விளையாட்டாளர்கள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே உச்சநிலையில், விளையாட்டுக்கு விளையாட்டு, தூரத்துக்குத் தூரம் கணக்குப் பார்த்து வரம்பு வைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். 2022-இல் லியா தாமஸ் கல்லூரி நீச்சலில் பட்டம் வென்றபோது பக்கத்துத் தடத்தில் நீந்தியவளின் ஆதங்கத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளவும் மாட்டேன்.

ஆனால் நடப்பது கணக்கு அல்ல. உலக செஸ் சம்மேளனம் 2023 ஆகஸ்டில் திருநங்கைகளைப் பெண்கள் போட்டியிலிருந்து நிறுத்திவைத்தது. காயை நகர்த்த எந்தத் தசை வேண்டும்? அதே ஆண்டு மார்ச்சில், ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கைகளுக்குத் தடை அறிவித்தபோது உலகத் தடகளத்தின் தலைவர் செபாஸ்டியன் கோ, சர்வதேசத் தடகளத்தில் தற்போது திருநர் யாரும் போட்டியிடவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். (ஆண்கள் 800 மீட்டரில் உலக சாதனை வைத்திருந்தவர் அவர்.) இல்லாத ஆளுக்குத் தடை. அதே நாளில் செமன்யா போன்றவர்களுக்கான வரம்பை 2.5 நானோமோலாகக் குறைத்து எல்லாத் தூரங்களுக்கும் நீட்டினார்கள். அந்த விதியில் சிக்கியவர்கள் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தவர்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் கன்னத்தைச் சுரண்டுவது திரும்பி வந்துவிட்டது. இப்போது தேடுவது எஸ்.ஆர்.ஒய். என்கிற மரபணுவை. 1990-இல் அதைக் கண்டுபிடித்த குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே, இதை வைத்து ஆளின் பாலைத் தீர்மானிக்க முடியாது என்று எழுதினார். இதே மரபணுவை 1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களிடம் தேடியிருக்கிறார்கள். எட்டுப் பேரிடம் இருந்தது. பரிசீலித்துவிட்டு எட்டுப் பேரையும் ஓடவிட்டார்கள். 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில் பெண்கள் 800 மீட்டர் நடந்தபோது, கோட்டில் நிற்க விதிப்படி அந்தத் தாள் வேண்டியிருந்தது. ஆண்கள் 800 மீட்டருக்கு யாரும் கன்னத்தைக் காட்டவில்லை.