தோட்டத்து அடையாள அட்டை முதல் மைகார்டு வரை: மலேசிய மின்னரசின் பேராக் வேர்கள்

1948 ஜூன் 16 காலை. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் ரப்பர் தோட்டத்தின் துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அருகிலிருந்த பின் சூன் தோட்டத்தில் மேலும் இரண்டு வெள்ளையர் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளையும் வெளியே இருந்த மக்களையும் பிரித்தறிய காலனி அரசு கையிலெடுத்த கருவிகளில் ஒன்று, அந்த ஆண்டே தொடங்கிய தேசியப் பதிவு.

மலேசியாவின் மின்னரசு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1996-இல், மல்டிமீடியா பெருவழித் திட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். அரசுச் சேவையில் கணினிகள் பரவலானது அப்போதுதான். ஆனால் அந்தக் கணினிகள் இன்று கேட்கும் முதல் கேள்வியான "ஐசி (அடையாள அட்டை) நம்பர் என்ன?" என்பதன் பிறப்பிடம், ஈப்போவுக்கு வடக்கே உள்ள அந்த ரப்பர் காடுகள். அதே காடுகளில் பால் மரம் வெட்டிய தமிழர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தக் கேள்விக்கு இன்றும் சரியான பதில் கிடையாது. இரண்டும் ஒரே வரலாற்றின் இரு கிளைகள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காகிதமும் கைரேகையும்

முதல் அடையாள அட்டை காகிதத்தால் ஆனது. 12 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொடுத்து அதைப் பெற வேண்டியிருந்தது. அட்டையின் வலிமையை எதிர்த்தரப்பும் உடனே உணர்ந்தது. போராளிகள் பல இடங்களில் மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்து அழித்தார்கள். சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்கள் முள்வேலிக்குள் ஒன்று சேர்க்கப்பட்டன. காலையில் வெளிவாசல் வழியே மரம் வெட்டப் போகும் தொழிலாளியின் சட்டைப்பையில் அந்தக் காகிதம் இருந்தாக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அட்டை குடியுரிமைச் சான்று அன்று. அதை வைத்திருந்தவர் இன்னார், இந்த இடத்தில் வசிக்கிறார் என்பதை மட்டுமே அது சொன்னது. மலாயாக்காரரும் வந்தேறியும் ஒரே மாதிரி அட்டையைத்தான் வைத்திருந்தார்கள். 1957-இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமை தனிக் கணக்காயிற்று. நாட்டில் வசித்த காலத்துக்கு ஆதாரம், ஓரளவு மலாய் மொழியறிவு, முறையான விண்ணப்பம் ஆகியவை கேட்கப்பட்டன. ஈப்போ நகரில் கடை வைத்திருந்தவருக்கு இது ஒரு நாள் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத, தோட்டத்தைத் தாண்டிப் போகாத ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கோ "ஐசிதான் இருக்கிறதே, இன்னும் எதற்கு விண்ணப்பம்?" என்ற எண்ணம். பின்னாளில் குடிமக்களுக்கு நீலமும் நிரந்தர வசிப்பாளருக்குச் சிவப்பும் என அட்டைகள் நிறம் பிரிந்தபோதுதான் அந்த எண்ணத்தின் விலை தெரிந்தது.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கப்பலேறி இந்தியா திரும்பினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்பு ஐசியோடு தங்கினார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்படுவது இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1950-களிலும் 60-களிலும் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் சில தோட்டங்களைக் காப்பாற்றியது. விற்கப்பட்ட தோட்டங்களில், பிறப்புக்குச் சாட்சி சொல்லக்கூடிய கிராணியும் மருத்துவ உதவியாளரும் அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். குடும்பங்கள் வேலை தேடி ஈப்போவின் புந்தோங், சிலிபின் போன்ற பகுதிகளுக்கு வந்து சேர்ந்தன. பாத்திரம் பண்டங்கள் வந்தன. பல வீடுகளில் சூராட் பெரானாக் என்ற பிறப்புச் சான்றிதழ் வரவில்லை.

பன்னிரண்டு இலக்கம்

1990-இல் அட்டையின் எண் மாறியது. பழைய ஏழு இலக்கத்துக்குப் பதில் பன்னிரண்டு. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம்; பேராக்கில் பிறந்தவருக்கு 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பிறந்த மாநிலம் தெரியாதவர்களுக்கென்று 82 என்ற குறியீடும் உண்டு. ஒருவரது பிறப்பு எங்கே, எப்படிப் பதிவானது என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது. கணினியுகத்துக்கு இதைவிட வசதியான சாவி கிடையாது: மருத்துவமனை, வருமான வரி, பள்ளி, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் கோக்கலாம்.

ஆறு ஆண்டு கழித்து, 1996-இல், மகாதீர் முகமட் மல்டிமீடியா பெருவழியை அறிவித்தார். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து புதிய விமான நிலையம் வரை 15 கிலோமீட்டர் அகலமும் 50 கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலப்பகுதி; நடுவே புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும். அதன் முதன்மைத் திட்டங்களில் மின்னரசும் பல்நோக்கு அட்டையும் இடம்பெற்றன. சட்டங்கள் வேகமாக வந்தன. 1997-இலேயே கணினிக் குற்றச் சட்டமும் மின்கையொப்பச் சட்டமும் நிறைவேறின.

2001 செப்டம்பர் 5 அன்று மைகார்டு அறிமுகமானது. பெருவிரல் ரேகையைச் சில்லுக்குள் வைத்த பல்நோக்கு தேசிய அட்டைகளில் உலகில் அதுவே முதலாவது. ஓட்டுநர் உரிமம், மருத்துவத் தகவல், மின்பணம், டச் அன் கோ கட்டணம் என ஒரே அட்டைக்குள் எல்லாவற்றையும் அடைக்கத் திட்டம். பல வசதிகள் புழக்கத்தில் நிலைக்கவில்லை. நிலைத்தது 1948-இன் பழைய வேலை: இவர் இன்னார்தான் என்று விரல் ரேகையை ஒப்பிட்டுச் சொல்வது. வங்கி முகப்பில் ஒரு பாட்டி தன் பெருவிரலைக் கண்ணாடிச் சதுரத்தின்மேல் அழுத்தும்போது நடப்பது அதுவே.

எஸ்டோனியா காட்டும் வேறு வழி

13 லட்சம் மக்கள் மட்டுமே வாழும் எஸ்டோனியாவும் 1996-இல்தான் 'புலிப்பாய்ச்சல்' என்ற பெயரில் பள்ளிகளைக் கணினிமயமாக்கத் தொடங்கியது. அதன் அடையாள அட்டை வந்தது 2002 ஜனவரியில், மைகார்டுக்கு நான்கு மாதம் பிந்தி. ஆயினும் உலகம் இன்று மின்னரசுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது எஸ்டோனியாவை. அங்கே மின்கையொப்பம் அட்டையோடு பிணைந்தே வந்தது; மலேசியாவில் அது விரும்பியவர் தேடிப் பெறும் வசதியாக ஒதுங்கியது.

பேராக் தோட்டங்களின் கோணத்திலிருந்து பார்த்தால் இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியம். சோவியத் ஆட்சியிலிருந்து விடுபட்டபோது எஸ்டோனிய மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், பெரும்பாலும் ரஷ்ய மொழியினர், எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நின்றார்கள். அந்த அரசியல் சிக்கலை எஸ்டோனியா முழுதாகத் தீர்த்துவிடவில்லை. ஆனால் சாம்பல் நிறக் கடப்பிதழ் வைத்திருந்த அவர்களுக்கும் அதே சில்லு அட்டையைக் கொடுத்தது. மின்சேவையைப் பெற வசிப்பிடமே போதும் என்றாயிற்று.

பதிவு தேடிய ஆண்டுகள்

மலேசியாவில் பிரச்சினை அரசின் கவனத்துக்கு வரவே வராமல் இல்லை. 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்ற பெயரில், ஆவணமில்லா இந்தியர்களைத் தேடிப் பதியும் இயக்கம் நாடு முழுவதும் நடந்தது. 2018 ஆகஸ்டில் மகாதீர், சிவப்பு அட்டையோடு வாழ்ந்த 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவித்தார். இவர்களில் இளையவர்களே சுதந்திரத்தை ஒட்டிப் பிறந்தவர்கள்.

இதற்கிடையே அட்டையின் பங்கு விரிந்துகொண்டே போயிற்று. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, 100 ரிங்கிட் உதவி மைகார்டு வழியாகவே வந்தது. விண்ணப்பம் இல்லை, பணத்தாள் இல்லை. பதிவு பெற்ற கடையில் அரிசி, எண்ணெயை எடுத்து வைத்து அட்டையை நீட்டினால் போதுமாயிருந்தது. முதல் நாள் நெரிசலில் கணினி திணறியது. அடுத்த மாதக் கடைசியில் பெட்ரோலும் சேர்ந்தது: ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமகன் அட்டையைக் காட்டினால் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது.

விண்ணப்பமே வேண்டாத இந்த எளிமை பெரிய சாதனை. ஆனால் விண்ணப்பம் கேட்ட பழைய உதவித்திட்டங்களில் சிவப்பு ஐசிக்காரர் ஒருவரால் அலுவலரிடம் நிலைமையை எடுத்துச் சொல்லவாவது முடிந்தது. கடை முகப்பிலிருக்கும் கருவியிடம் சொல்ல எதுவும் இல்லை.

2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தத்தைப் பலரும் வரவேற்றார்கள். வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அது நெடுநாள் கேட்ட உரிமையைத் தந்தது. அதே திருத்தம், மலேசியாவில் பிறக்கும் நிரந்தர வசிப்பாளரின் பிள்ளைக்கு அதுவரை தானாகக் கிடைத்த குடியுரிமையை நீக்குகிறது. சிவப்பு ஐசி வைத்திருந்த தோட்டத்துப் பெற்றோரின் பிள்ளைகள் பலர் நீல ஐசிக்கு வந்தது அந்தப் பழைய விதியால்தான். திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் அப்படிப் பிறப்பவர்களின் பெயர் தேசியப் பதிவுத் துறையில் ஏறும், பன்னிரண்டு இலக்கங்களும் ஒதுக்கப்படலாம். மைகார்டு வேண்டுமானால் குடியுரிமைக்குத் தனி விண்ணப்பம் எழுதி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.