பிரசவ வலிக்கு நிவாரணம் உண்டு: முன்கூட்டியே கேட்டு வைப்போம்

பிரசவ நாள் நெருங்கும்போது எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு, சுகப்பிரசவமா சிசேரியனா என்றெல்லாம் நம் வீடுகளில் பேசுகிறோம். வலியைக் குறைக்க என்ன வழி என்று மட்டும் கேட்பதில்லை. "நாங்களெல்லாம் பொறுத்துக்கொள்ளவில்லையா?" என்று பெரியவர்கள் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது.

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம், மர்யம் (அலை) அவர்கள் பேரீச்சை மரத்தடியில் பட்ட பிரசவ வேதனையைச் சொல்கிறது. அவர்களுக்கு ஆறுதலும் பழமும் நீரும் அளிக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்கிறது. வலி நிவாரணம் கேட்கும் பெண்ணைப் பொறுமையற்றவள் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை.

என்னென்ன வழிகள்?

எபிடியூரல்: மயக்க மருத்துவர் கீழ்முதுகில் மெல்லிய குழாயைப் பொருத்தி, அதன் வழியே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார். தாய் விழித்திருப்பார், வலி பெருமளவு குறையும். வலி நிவாரணம் கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு இதைத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.

ஊசி மருந்து: பெத்திடின் போன்றவை வலியை ஓரளவு குறைக்கும். தாய்க்கு மயக்கமும் குமட்டலும் வரலாம். பிரசவத்திற்குச் சற்று முன் போட்டால் குழந்தையின் சுவாசம் மந்தமாகலாம்.

வாயு: நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்தது. தாயே முகமூடியைப் பிடித்துச் சுவாசிக்கலாம்.

மருந்தில்லாதவை: நடப்பது, மூச்சுப் பயிற்சி, இடுப்பைத் தேய்த்துவிடுவது, வெந்நீர் ஒத்தடம், நம்பிக்கையான துணை ஒருவர் அருகில் இருப்பது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலி வருவதற்காகப் போடும் ஆக்சிடோசின் மருந்து வேறு. அது கருப்பையைச் சுருங்க வைப்பது, வலியைக் குறைப்பதல்ல.

எபிடியூரல் போட்டால் சிசேரியன் ஆகிவிடும், காலமெல்லாம் முதுகு வலிக்கும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் இந்த இரண்டையும் உறுதிப்படுத்தவில்லை. இரத்த அழுத்தம் குறைவது, அரிப்பு, காய்ச்சல், கால் மரத்துப்போவது, சிலருக்குக் கடும் தலைவலி ஆகியவை ஏற்படலாம். குழந்தையை வெளியே தள்ளும் நேரம் சற்று நீளலாம். இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும், இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கும் பொதுவாக இதைப் போடுவதில்லை.

ஏன் முன்கூட்டியே கேட்க வேண்டும்?

எபிடியூரலுக்கு மயக்க மருத்துவரும் தொடர் கண்காணிப்பும் தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. பெரிய மருத்துவமனையிலும் எல்லா நேரமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வலி தொடங்கிய பிறகு விசாரித்தால் தாமதமாகிவிடும். ஆகவே ஏழாம் அல்லது எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே இவற்றைக் கேட்டுவிட வேண்டும்:

- இங்கு என்னென்ன வலி நிவாரண வழிகள் உள்ளன?
- இரவிலும் மயக்க மருத்துவர் இருப்பாரா?
- தனிக் கட்டணம் எவ்வளவு?
- என் உடல்நிலைக்கு எது பொருந்தும்?
- பிரசவ அறையில் துணைக்கு யார் இருக்கலாம்?
- பெண் மயக்க மருத்துவர் உண்டா? இல்லையென்றால், முதுகில் தேவையான இடம் தவிர மற்றதை மூடிக்கொள்ளலாமா?

நிவாரணம் வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதுவும் அவருடைய விருப்பமே. ஆனால் விவரம் தெரிந்து அவரே சொல்ல வேண்டும். கணவரும் தாயாரும் மாமியாரும் அடுத்த பரிசோதனைக்கு உடன் சென்று, இந்தக் கேள்விகளை அவர் தயங்காமல் கேட்கத் துணை நிற்போமாக.