இரண்டு பதினாறுகள்

சாக்ரமெண்டோ கலிஃபோர்னியாவின் தலைநகரம். ஆனாலும் லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ என்ற இரண்டு பெரிய பெயர்களுக்குப் பின்னால் எப்போதும் மறைந்து நிற்கும் ஊர். அங்கே கூடைப்பந்து பார்த்து வளர்ந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவரிடம் 2002 மே 31 என்று தேதியை மட்டும் சொன்னால் போதும், அடுத்த அரைமணி நேரம் அவர்தான் பேசுவார். ‘எங்க கோப்பையைத் திருடிட்டாங்க’ என்று தொடங்குவார். எதிரில் லாஸ் ஏஞ்சலஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், ‘அட, ஏழாவது மேட்ச்ல நீங்க கோட்டை விட்டதுக்கு நடுவர் என்ன பண்ணுவாரு?’ என்று திருப்பிக் கேட்பார். இருபது வருடங்களுக்கு மேலாக இந்த வழக்குக்குத் தீர்ப்பு வரவில்லை.

என்.பி.ஏ ரசிகர்கள் எங்கே கூடினாலும் பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்றித்தான் வரும். இந்த வருடம் கோப்பை யாருக்கு? நடுவர் யாருக்காக விசில் ஊதினார்? எந்த ஆட்டக்காரரைக் கொடுத்து எவரை வாங்கினார்கள்? இந்த மூன்றும் ஒரே தொடரில் வந்து முட்டிக்கொண்டது 2002இல். அதனால்தான் அந்தத் தொடரைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் ட்ரேட். அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் ஓர் அணி தன் ஆட்டக்காரரை, அவரிடம் கேட்காமலேயே, இன்னோர் அணிக்குக் கொடுத்துப் பதிலுக்கு வேறொருவரை வாங்கிக்கொள்ளலாம். காலையில் ஓர் ஊர்க்காரராக எழுந்தவர் இரவு படுக்கும்போது வேறு ஊர்க்காரர். சாக்ரமெண்டோ கிங்ஸ் அணி இப்படிச் சேர்த்துக் கட்டப்பட்டதுதான். 1985இல் கான்ஸஸ் சிட்டியிலிருந்து இந்த ஊருக்கு வந்த அணி, பல வருடங்கள் தோற்றுக்கொண்டே இருந்தது. 1998இல் மிட்ச் ரிச்மண்டை வாஷிங்டனுக்குக் கொடுத்து கிறிஸ் வெபரை வாங்கினார்கள். இந்தச் சின்ன ஊருக்கு வர அவருக்கு முதலில் மனமே இல்லை. 2001இல் ஜேசன் வில்லியம்ஸைக் கொடுத்து மைக் பிபியை வாங்கினார்கள். செர்பியாவிலிருந்து வந்த விளாடே டிவாட்ஸ் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவர்.

டிவாட்ஸின் கதையில் ஒரு முடிச்சு இருக்கிறது. அவர் 1989 முதல் லேக்கர்ஸ் அணிக்காக ஆடியவர். 1996இல் லேக்கர்ஸின் மேலாளர் ஜெர்ரி வெஸ்ட் அவரை ஷார்லட் அணிக்குக் கொடுத்தார். ‘போகச் சொன்னால் ஆட்டத்தையே விட்டுவிடுவேன்’ என்றுகூட டிவாட்ஸ் மிரட்டிப் பார்த்தார், கடைசியில் போனார். பதிலுக்கு லேக்கர்ஸுக்குக் கிடைத்தது, ஷார்லட் 13ஆவதாகத் தேர்ந்தெடுத்திருந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன். பெயர் கோபி பிரையன்ட். டிவாட்ஸின் சம்பளம் கணக்கிலிருந்து நீங்கியதால் கிடைத்த இடத்தில்தான் ஷகீல் ஓ’நீலையும் சேர்க்க முடிந்தது. ஆக, 2002இல் கிங்ஸுக்கு எதிரில் நின்ற லேக்கர்ஸ், டிவாட்ஸை விற்று எழுப்பிய வீடு.

அந்தப் பருவத்தில் கிங்ஸ் 61 ஆட்டங்கள் ஜெயித்தது. லீகிலேயே அதுதான் அதிகம். லேக்கர்ஸோ தொடர்ந்து இரண்டு முறை கோப்பை வாங்கியிருந்தது. மேற்குப் பிரிவின் இறுதித் தொடரில் இரண்டும் மோதின. அங்கே ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை ஏறக்குறைய நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

முதல் மூன்று ஆட்டங்களில் கிங்ஸ் இரண்டை ஜெயித்தது. நான்காவதில் 24 புள்ளிகள் முன்னே போனது. முதல் பாதி முடியும் தருணத்தில் லேக்கர்ஸின் சமாக்கி வாக்கர் தூரத்திலிருந்து எறிந்த பந்து உள்ளே விழுந்தது. மணி அடித்த பிறகுதான் பந்து அவர் கையைவிட்டுப் போனது என்பதைத் தொலைக்காட்சியில் மறுபடி போட்டுக் காட்டியபோது எல்லோரும் பார்த்தார்கள். நடுவர்கள் பார்க்க முடியாது. வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல அன்றைக்கு விதியில் இடமில்லை. 3 புள்ளிகள் கணக்கில் ஏறின. ஆட்டத்தின் கடைசி நொடிகளில் கிங்ஸ் 99, லேக்கர்ஸ் 97. கோபி எறிந்தது விழவில்லை, ஓ’நீல் எறிந்ததும் விழவில்லை. கூடைக்கு அடியிலிருந்து பந்தைத் தூரமாகத் தட்டிவிட்டார் டிவாட்ஸ். அது நேராக ராபர்ட் ஹோரியின் கைக்குப் போனது. அவர் எறிந்தார், மணி அடித்தது, 100-99. ஒரு புள்ளியில் முடிந்த ஆட்டத்தில் தவறாகக் கொடுக்கப்பட்ட 3 புள்ளிகள் இருந்தன. அடுத்த பருவத்திலேயே லீக் வீடியோ மறுபார்வையைக் கொண்டுவந்தது.

ஐந்தாவது ஆட்டத்தைக் கடைசி நொடிகளில் பிபி எறிந்த பந்தால் கிங்ஸ் 92-91 என்று ஜெயித்தது. அதற்குச் சற்று முன் வெளியே போன பந்து வெபரின் கையில் பட்டுத்தான் போனது, அதைக் கிங்ஸுக்கே கொடுத்தது தப்பு என்பது லேக்கர்ஸ் ரசிகர்களின் கட்சி. ‘அதை மட்டும் ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க?’ என்ற அவர்களின் கேள்வியும் நியாயமானதுதான்.

இப்போது ஆறாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. கிங்ஸுக்கு இன்னும் ஒரே வெற்றி தேவை. முதல் மூன்று கால்பகுதிகளில் லேக்கர்ஸ் எறிந்த ஃப்ரீ த்ரோக்கள் 13. கடைசிக் கால்பகுதியில் மட்டும் 27. அதே கால்பகுதியில் கிங்ஸுக்குக் கிடைத்தது 9. டிவாட்ஸும் ஸ்காட் பொல்லார்டும் ஆறு ஃபவுல்களோடு வெளியேற்றப்பட்டார்கள். முடியச் சில நொடிகளே இருக்கும்போது கோபியின் முழங்கை பிபியின் மூக்கில் இடித்து அவர் கீழே விழுந்தார். கோபி மீது விசில் வரவில்லை. லேக்கர்ஸின் கடைசி 18 புள்ளிகளில் 16 ஃப்ரீ த்ரோவில் வந்தவை. முடிவு 106-102. இது முதல் பதினாறு.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 2, சாக்ரமெண்டோவில் ஏழாவது ஆட்டம். சொந்த அரங்கம், சொந்த ஜனம், காது கிழியும் சத்தம். அன்று கிங்ஸுக்கு 30 ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. யாரும் மறிக்க முடியாத, கோட்டில் நின்று நிதானமாக எறியும் 30 வாய்ப்புகள். உள்ளே விழுந்தவை 16. மூன்று புள்ளி எறிதலில் 20க்கு 2. ஆட்டம் சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் 112-106 என்று ஜெயித்தது. தவறவிட்ட 14இல் ஒன்றே ஒன்று விழுந்திருந்தால் கூடுதல் நேரமே வந்திருக்காது என்று சொல்லலாம். இது இரண்டாவது பதினாறு. இறுதித் தொடரில் நியூ ஜெர்சியை லேக்கர்ஸ் நாலுக்கு நாலும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

முதல் பதினாறு ஊருக்கே மனப்பாடம். இரண்டாவதை யாராவது நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. இதை ரசிகர்களின் ஒருதலைப் பார்வை என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். மீதியைத் தெரிந்துகொள்ள ஆட்டத்தின் இயல்பையும் லீகின் அமைப்பையும் பார்க்க வேண்டும்.

கூடைப்பந்துக் களத்தின் நீளம் 94 அடி, அகலம் 50 அடி. அதற்குள் பத்துப் பேர், பெரும்பாலும் ஆறரை அடிக்கு மேல் உயரமானவர்கள், முழு வேகத்தில் ஓடுகிறார்கள். ஒவ்வொரு தாக்குதலிலும் எங்காவது ஒரு கை, ஒரு தோள், ஓர் இடுப்பு உரசும். அதில் எது ஃபவுல், எது சாதாரண உரசல் என்பதை மூன்று நடுவர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு நடிப்பு வேறு. தொட்டால் தொப்பென்று விழுவதில் பெயர் வாங்கியவர் நம் டிவாட்ஸேதான். எந்த ஆட்டத்தின் பதிவை எடுத்து மெதுவாக ஓட்டினாலும், ஊதாமல் விட்ட பத்து ஃபவுல்களும் ஊதியிருக்கக் கூடாத பத்து ஃபவுல்களும் கிடைக்கும். குற்றம்சாட்ட வருகிறவனுக்குச் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை.

அமைப்பு விஷயம் இதைவிடச் சிக்கலானது. கிரிக்கெட்டில் உள்ளூர் அம்பயர் மீது சந்தேகம் வந்தபோது 1994இல் டெஸ்ட் ஆட்டங்களுக்கு ஒரு நடுநிலை நாட்டு அம்பயரை வைத்தார்கள். அதே 2002இல் இருவரையும் நடுநிலை நாட்டுக்காரர்கள் ஆக்கினார்கள். என்.பி.ஏ-வில் அதற்கு வழியில்லை. லீக் என்பது அணி முதலாளிகளின் கூட்டமைப்பு. நடுவருக்குச் சம்பளம் கொடுப்பது லீக். தொலைக்காட்சி உரிமையை விற்பதும் லீக். தொடர் ஏழாவது ஆட்டம் வரை நீண்டால் லாபம் யாருக்கு என்று ரசிகனுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? அதே ஜூனில், நுகர்வோர் உரிமைப் போராளியும் 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் நின்றவருமான ரால்ஃப் நேடர், ஆறாவது ஆட்டத்தை விசாரிக்கச் சொல்லி லீக் ஆணையர் டேவிட் ஸ்டெர்னுக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடக்கவில்லை.

ஐந்து வருடம் கழித்துப் பழைய சந்தேகத்துக்கு உயிர் வந்தது. 2007 ஜூலையில், 13 பருவங்கள் நடுவராக இருந்த டிம் டோனகி சூதாட்டத்தில் சம்பந்தப்பட்டிருந்தது வெளியானது. குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2008 ஜூனில் அவருடைய வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கொடுத்த கடிதத்தில், 2002 மே மாதத்து ஆறாவது ஆட்டம் ஒன்றில் லீகுக்கு வேண்டிய நடுவர்கள் தொடரை நீட்ட வேலை செய்தார்கள் என்றொரு குற்றச்சாட்டு இருந்தது. அணிகளின் பெயர் இல்லை. தேவையும் இல்லை. ஸ்டெர்ன் கடுமையாக மறுத்தார். அந்த ஆட்டத்தில் நின்ற நடுவர்கள் மீது எந்த வழக்கும் வரவில்லை. டோனகி அன்று அந்தக் களத்தில் இருந்தவரும் அல்ல. தண்டனையைக் குறைக்கப் பார்க்கும் குற்றவாளியின் வார்த்தை அது. முன்னாள் அரசு வழக்கறிஞர் லாரன்ஸ் பெடோவிட்ஸ் விசாரித்து, 2008 அக்டோபரில், மற்ற நடுவர்கள் ஆட்டத்தை விற்றதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். ‘அவரை வேலைக்கு வச்சது யாரு? லீக்தானே!’ என்றார்கள் ரசிகர்கள். நடுநிலையான மூன்றாமவர் இல்லாத இடத்தில் உண்மையைச் சொன்னாலும் செல்லாது.

நடுவர் விஷயத்தில் உள்ள இந்தக் கோளாறு ட்ரேடிலும் உண்டு. 2010 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் அணியை லீகே விலைக்கு வாங்கியிருந்தது. 2011 டிசம்பர் 8 அன்று அந்த அணியின் கிறிஸ் பால் லேக்கர்ஸுக்குப் போக மூன்று அணிகள் பேசி முடித்தன. ஸ்டெர்ன் தடுத்துவிட்டார். ‘கூடைப்பந்துக் காரணங்கள்’ என்று லீக் விளக்கம் சொன்னது. அந்த ட்ரேடை எதிர்த்து கிளீவ்லாந்து முதலாளி டான் கில்பர்ட் ஸ்டெர்னுக்கு அனுப்பிய கோபமான மின்னஞ்சலும் அன்றே வெளியானது. ஒரு வாரத்துக்குள் கிறிஸ் பால் அதே ஊரின் இன்னொரு அணியான கிளிப்பர்ஸுக்குப் போனார். அந்த அணிக்கு ஸ்டெர்ன் முதலாளியாக நடந்துகொண்டாரா, லீகின் ஆணையராக நடந்துகொண்டாரா? இரண்டு தொப்பியும் ஒரே தலையில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இந்த முறை ‘திருடிட்டாங்க’ என்று கத்தியவர்கள் லேக்கர்ஸ் ரசிகர்கள்.

அதன் பிறகு லீக் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதை அன்று காலையே அறிவிக்கிறார்கள். 2015 மார்ச் முதல், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை ஒவ்வொன்றாகச் சரி, தவறு என்று மறுநாள் வெளியிடுகிறார்கள். தவறு என்று ஒப்புக்கொண்டாலும் முடிவு மாறாது. காயத்துக்கு மருந்தா, உப்பா என்று கேட்கலாம். மறுபக்கம், 2018இல் உச்சநீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு வழிவிட்டதும் லீக் சூதாட்ட நிறுவனத்தோடு கைகோத்தது. 2024இல் ஜோன்டே போர்ட்டர் என்ற ஆட்டக்காரர் பந்தயக்காரர்களுக்கு உதவியதற்காக ஆயுள் தடை பெற்றார். சந்தேகத்துக்கு இப்போது தினமும் தீனி கிடைக்கிறது.

ஆனால் கிங்ஸின் கதையை நடுவரோடு முடிக்க முடியாது. 2006இலிருந்து 2023 வரை அந்த அணி தொடர்ந்து 16 பருவங்கள் ப்ளே-ஆஃபுக்கே போகவில்லை. என்.பி.ஏ வரலாற்றில் இதுதான் நீண்ட வறட்சி. 2018 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிங்ஸுக்குக் கிடைத்தது. ஸ்லோவேனியாவின் லூகா டான்சிச் இருந்தார். கிங்ஸ் எடுத்தது மார்வின் பேக்லியை. முடிவெடுத்த பொது மேலாளர் விளாடே டிவாட்ஸ்! எந்த நடுவரும் அன்று விசில் ஊதவில்லை. 2025 பிப்ரவரியில் டான்சிச்சை டாலஸ் அணி ட்ரேடில் கொடுத்தது. போய்ச் சேர்ந்த இடம் லேக்கர்ஸ்.

இந்த இரண்டு பதினாறுகளும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க முடியாது. ஆறாவது ஆட்டத்தில் கிங்ஸுக்கு அநியாயம் நடந்தது. சதி நடந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஏழாவது ஆட்டத்தைக் கிங்ஸ் தானே தொலைத்தது. சந்தேகம் முற்றிப்போனால் என்ன ஆகிறது என்றால், அந்த அணி எவ்வளவு அழகாக ஆடியது என்பதே பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. வெபரும் டிவாட்ஸும் கைமாற்றி ஆடிய பந்தைப் பார்த்தவர்கள்கூட இன்று விசிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். திருடுபோனது என்று ஏதாவது இருந்தால் அதுவும்தான்.

2013இல் கிங்ஸை சியாட்டிலுக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தது. அணி முதலாளிகள் 22க்கு 8 என்று வாக்களித்து அதைத் தடுத்தார்கள். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே அணியை வாங்கினார். ஊரைவிட்டு அணி போகாமல் காப்பாற்றியதில் பெரிய பங்கு, 2002இல் ஊரே சபித்த டேவிட் ஸ்டெர்னுக்கு. 2016இல் புதிய அரங்கம் திறந்தபோது, அதன் வாசலில் உள்ள பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ‘எங்க கோப்பையைத் திருடிட்டாங்க’ என்று இன்றும் பேசிக்கொண்டேதான் ரசிகர்கள் உள்ளே போகிறார்கள், டேவிட் ஜே. ஸ்டெர்ன் பாதை வழியாக.