மலையில் கடலை வேக வைப்பது எப்படி? நீலகிரியும் சத்துணவும்

ஊட்டியில் கொண்டைக்கடலை வேக வைப்பது அவ்வளவு சுலபமான வேலை இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்து விடும். எவ்வளவு விறகு போட்டாலும், திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. ஒரு பள்ளிக்கூடத்துக்கே சமைக்க வேண்டும் என்றால்?

தமிழ்நாட்டில் பள்ளியில் சோறு போடும் முயற்சி 1920-ல் தொடங்கியது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி இதைத் தொடங்கியது. ஆனால் அது நீடிக்கவில்லை. 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார்.

நீலகிரியில் இதன் தேவை அதிகம். தேயிலைத் தோட்டங்களில் பெற்றோர் காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களில் பல ஆயிரம் பேர் இந்த மலையில்தான் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை தரவே அரசின் டான்டீ தோட்டங்கள் உருவாயின. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பிள்ளையின் ஒருவேளைச் சாப்பாடு பெரிய விஷயம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. பல ஆண்டுகள் பெரும்பாலும் சாதமும் சாம்பாரும்தான். தினமும் அதையே கொடுத்தால் பிள்ளைகளுக்குச் சலித்துப் போகும் அல்லவா? அதனால் 2013-ல் கலவை சாதங்கள் சோதனையாக வந்து, 2014-ல் மாநிலம் முழுவதும் பரவின. அதில் ஒன்று கொண்டைக்கடலை புலாவ்.

மலையில் இதைச் செய்ய மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, கடலையை முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும். இரண்டு, பிரஷர் குக்கர் வேண்டும். அதற்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டும், விறகும் மிச்சம். மூன்று, கடலையைத் தனியாக வேக வைத்த பிறகே அரிசியோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அரிசி குழைந்து விடும், கடலை கல்லாகவே இருக்கும். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டை முதலில் நன்றாக வதக்கினால் கொஞ்ச எண்ணெயிலேயே வாசம் வரும்.

சத்திலும் இது நல்ல ஜோடி. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைய உண்டு. லத்தீன் அமெரிக்க ஏழைகள் அரிசியும் பீன்ஸும் சாப்பிட்டு வளர்ந்ததும் இப்படித்தான்.

மலிவான சாப்பாடு என்றால் ருசி இருக்காது என்பது தவறு. அதே அரிசி, அதே கடலைதான். பிள்ளை தட்டைக் காலி செய்வதும் மிச்சம் வைப்பதும் சமைக்கும் விதத்தில்தான் இருக்கிறது.