துருவப் பகலும் துருவ இரவும்

துருவ வட்டங்களுக்கு அப்பால் கோடையில் கதிரவன் 24 மணி நேரத்துக்கு மேல் மறையாதிருப்பது துருவப் பகல். குளிர்காலத்தில் அவ்வாறே உதிக்காதிருப்பது துருவ இரவு. புவியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதே காரணம். துருவத்தை நெருங்க நெருங்க இந்தக் காலம் நீண்டு, துருவத்திலேயே ஏறத்தாழ அரையாண்டாகிறது. காற்றுமண்டலம் ஒளியை வளைத்துக் கதிரவனைச் சற்று உயர்த்திக் காட்டுவதால் பகல் சிறிது கூடி, இரவு குறையும்.

வடதுருவமாகக் கருதப்பட்ட மேருவிலுள்ள தேவர்கள் அரையாண்டு முழுதும் கதிரவனைக் காண்கின்றனர் என்று ஆரியபட்டர் கி.பி. 499 அளவில் எழுதினார். துருவத்தைப் பார்க்காமலே கோளக் கணிதத்தால் அடையக்கூடிய முடிவு அது. வேதகால மக்கள் வடதுருவப் பகுதியில் வாழ்ந்த நினைவே இத்தகைய குறிப்புகள் எனத் திலகர் 1903இல் வெளியிட்ட கருத்துக்குச் சான்றில்லை.

ஐரோப்பியப் பதிவுகளில் தலையாயது டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸின் பயணத்தைப் பற்றியது. 1596இல் நோவயா செம்லியா தீவின் வடகிழக்குக் கரையில் அவருடைய கப்பல் பனிக்கட்டியில் சிக்கியது. கரையொதுங்கிய மரங்களையும் கப்பல் பலகைகளையும் கொண்டு மாலுமிகள் வீடு கட்டினர். நவம்பர் 4 முதல் கதிரவனைக் காணவில்லை. அதோடு கரடிகள் அகன்றன; நரிகள் வந்தன. நரிகளைப் பொறிவைத்துப் பிடித்து உண்டனர். குளிரில் கடிகாரம் நின்றுவிட, 12 மணி நேர மணற்கடிகையைத் தவறாமல் திருப்பி வைத்து நாளைக் கணக்கிட்டனர்.

1597 ஜனவரி 24 அன்று கெரிட் டி வேர் உள்ளிட்ட சிலர் கதிரவனின் விளிம்பைக் கண்டனர். கணக்குப்படி அதற்கு இன்னும் இரு வாரங்கள் இருந்ததால் பாரன்ட்ஸ் நம்பவில்லை. ஊர் திரும்பியபின் அறிஞர் பலரும், நாட்கணக்கு பிசகியிருக்கும் என்றே வாதிட்டனர். ஆனால் அதே நாட்களில் மாலுமிகள் நிலவும் வியாழனும் ஒன்றுசேர்வதைப் பார்த்துக் குறித்திருந்தனர். ஆகவே கணக்கு சரிதான். தரையையொட்டிய குளிர்க்காற்றின் மேல் வெப்பக்காற்று படியும்போது, அடிவானத்துக்குக் கீழுள்ள கதிரவனின் ஒளி வளைந்து வளைந்து நெடுந்தொலைவு வரும். இது இன்று நோவயா செம்லியா விளைவு எனப்படுகிறது. பாரன்ட்ஸ் 1597 ஜூனில், திரும்பும் வழியில் படகிலேயே இறந்தார். 12 பேரே உயிரோடு ஊர் சேர்ந்தனர்.

தென்துருவ வட்டத்துக்குள் முதலில் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் பெல்ஜிகா கப்பலினர் (1898). இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இருளில் நோயுற்றவர்களை மருத்துவர் ஃபிரெடரிக் குக் அடுப்பின் முன் அமர்த்தி, சீல், பெங்குவின் இறைச்சி ஊட்டித் தேற்றினார்.

துருவ இரவு எங்கும் காரிருளன்று. நார்வேயின் டிரோம்சோவில் டிசம்பர் நண்பகலிலும் அந்தி வெளிச்சம் உண்டு. இன்னும் வடக்கேயுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் அதுவும் மிகக் குறைவு. இந்த ஒளிமாற்றத்துக்கு ஏற்ப, கலைமானின் விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் கோடையில் பொன்னிறமாகவும் குளிர்காலத்தில் நீலமாகவும் மாறுகிறது.

ஸ்வால்பார்டில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008இல் திறக்கப்பட்டது. அங்கு முதல் குளிர்கால ஆய்வுப் பயணம் 2023 டிசம்பரில் தொடங்கியது.